சாப்பிடாமல் வந்தவர்கள்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது என் அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. வாலாஜாபேட்டையில் அக்கம்பக்கத்தார் கேட்டால், "கம்பெனிக்கு லெட்டர் எழுதிக் குடுக்குறா" என்று சொல்லி முடித்துவிடுவார். யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. ஆம்பூரில் காலணி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு நிறுவனம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அங்கே ஏதாவது கெட்டது நடந்தால் வெளியே என்ன சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவு செய்து எழுதித் தருவதுதான் என் வேலை. நல்லது நடந்தால் என்னை யாரும் தேட மாட்டார்கள். விற்பனை கூடினால் விற்பனைப் பிரிவுக்குப் பாராட்டு. கொதிகலன் வெடித்தால் எனக்கு போன்.

நீங்கள் இப்போதுதான் இந்தத் துறைக்கு வந்திருக்கிறீர்கள். "புதுசா வந்தவங்களுக்கு உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க மேடம்" என்று உங்கள் மேலாளர் கேட்டார். அறிக்கை எப்படி எழுதுவது, நிருபரை எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதற்கு ஸ்லைடும் இருக்கும். நான் அதற்குள் போகவில்லை. எனக்கு ஸ்லைடு போடவும் தெரியாது, பொறுமையும் கிடையாது.

பொய் சொல்லக் கூடாது என்று எல்லோரும் உங்களுக்குச் சொல்வார்கள். அது சுலபமான புத்திமதி. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை இந்தத் தொழிலில் நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்லி ஊரை ஏமாற்றியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் எம்.டி.யை உங்களுக்குத் தெரிய வேண்டும். சென்னையில் இருப்பவர், மாதத்துக்கு ஒருமுறை ஆம்பூர் வருவார். கோபக்காரர், கணக்கில் கெட்டி. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கல்லூரித் தோழருடன் ஏலகிரிக்குப் போயிருந்தார். அந்தத் தோழர் வடக்கே ஒரு பெரிய காலணிக் கம்பெனியின் தலைவர். இரண்டு பேரும் சாலையோரத்தில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். கம்பெனியை விற்கப் போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. மறுநாள் சந்தை திறந்ததும் எங்கள் பங்கு ஏறியது, விளக்கம் கேட்டுப் பங்குச் சந்தையிலிருந்து கடிதம் வந்தது.

"பலாப்பழம் வாங்கத்தான் போனோம்னு எழுதட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"கிண்டலா பண்றீங்க?" என்றார். ஆனால் பழம் நன்றாக இல்லை என்பதையும் சொன்னார்.

விற்கும் பேச்சு எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பினோம். பங்கு இறங்கியது, வதந்தியை நம்பி வாங்கியவர்கள் எங்களைத் திட்டினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பங்கு விலையை அசைக்கக்கூடிய எந்தச் செய்தியும் முதலில் பங்குச் சந்தைக்குப் போக வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு என்று ஒரு விதி இருக்கிறது. ஒருவருக்கு முன்னால் தெரிந்து இன்னொருவருக்குப் பின்னால் தெரியக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நியாயமான விதிதான். எனக்கு அதில் இன்றைக்கும் மரியாதை உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை அதே விதி என் கழுத்தைப் பிடித்தது.

அன்று சென்னையில் போர்டு மீட்டிங். காலாண்டுக் கணக்குக்கு ஒப்புதல் தரும் கூட்டம். எம்.டி. உள்ளே போய்விட்டால் போனைத் தொட மாட்டார். கணக்கு வெளியானதும் உள்ளூர் நிருபர்களைப் பார்ப்பதற்காக நான் ஆம்பூர் அலுவலகத்தில் இருந்தேன். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் ஆலை மேலாளர் சம்பத் போன் செய்தார்.

"மேடம், பேஸ்டிங் ஹால்ல மூணு லேடீஸ் மயக்கம் போட்டு வுழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். பேஜார் ஆவறதுக்குள்ள நீங்க ஒரு ஸ்டேட்மென்ட் ரெடி பண்ணிடுங்க."

பேஸ்டிங் ஹால் என்பது ஷூவின் மேல்தோலையும் அடிப்பாகத்தையும் பசை தடவி ஒட்டும் கூடம். பெண்கள் வரிசையாக மேசைகளில் உட்கார்ந்து பிரஷ்ஷால் பசை தடவுவார்கள். சொல்யூஷன் என்றுதான் அந்தப் பசைக்கு அங்கே பெயர். அங்கே யாராவது மயங்கினால் சொல்வதற்கென்று எங்கள் ஆலையில் ஒரு வாசகம் இருந்தது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் விட்டுவிட்டுப் போனது. 'பெண் தொழிலாளர்கள் சிலர் காலை உணவு உட்கொள்ளாமல் பணிக்கு வந்ததால் மயக்கமடைந்தனர். அனைவரும் நலம். உற்பத்தி பாதிக்கப்படவில்லை.' கேட்பவர்களும் நம்புவார்கள். கம்பெனி பஸ் கிராமத்துக்கு விடியும்போதே வந்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் சமைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தாங்கள் ஒரு டீயோடு பஸ் ஏறுகிறவர்கள்தான் பாதிப் பேர்.

"நெஜமாவே சாப்பிடலையா, இல்ல நீங்களே சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"விசாரிச்சுட்டேன் மேடம். இன்னைக்கு வெள்ளிக்கெழம இல்ல? ஸ்டெல்லா ஒருசந்தி. மத்த ரெண்டு பேரும் அம்மனுக்கு விரதம். மூணு பேரும் பச்சத்தண்ணி பல்லுல படல. பொய் இல்ல மேடம், சத்தியமா."

கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் இருக்கும் உபவாசத்துக்குத்தான் ஒருசந்தி என்று பெயர். நாங்கள் புராட்டஸ்டன்ட், எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு கிடையாது. ஆனால் கூடப் படித்த பிள்ளைகளிடமிருந்து எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் பக்கத்தில் மாதா கோயிலுக்குப் போகிறவளும் பட்டினி, அம்மன் கோயிலுக்குப் போகிறவளும் பட்டினி. ஆக, சம்பத் சொன்னது முழுக்க உண்மை. அறிக்கையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பட்டனை அழுத்தி அனுப்பியிருந்தால் என்னை யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்தியது. தவக்காலம் ஆரம்பித்து எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. அம்மனுக்கு வருடம் முழுக்க வெள்ளிக்கிழமை உண்டு. இந்த வருடம் இதுவரை யாரும் விழவில்லையே, இன்றைக்கு மட்டும் மூன்று பேர் ஏன்? இப்படிப்பட்ட உறுத்தல் உங்களுக்கு வந்தால் அறிக்கையை அனுப்பாதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள். எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம் அவ்வளவுதான். நான் கார் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. இரண்டு பெண்கள் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள், கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா அப்படி இல்லை. அவர் அந்த வரிசைக்கு லீடர், நாற்பது வயதிருக்கும், மூத்த பெண் வேலூரில் நர்ஸிங் படிக்கிறாள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்திருந்தார்கள். மூச்சு ஒவ்வொன்றும் விலா எலும்பைத் தூக்கி இறக்கியது. எனக்கும் வீசிங் உண்டு, அந்த மூச்சு எப்படிப்பட்டது என்று தெரியும்.

டியூட்டி டாக்டர் அரக்கோணத்துப் பெண், சின்ன வயது. என்னைப் பார்த்ததும், "கம்பெனிலேர்ந்து வர்றீங்களா?" என்றார். "சாப்பிடலன்னு சொல்லி அட்மிட் பண்ணியிருக்காங்க. அந்த ரெண்டு பேருக்கு சரி, குளுக்கோஸ் போட்டதும் எழுந்துட்டாங்க. இவங்களுக்கு ஆக்சிஜன் எறங்கிட்டே போகுது. பசியில மூச்சு இப்படி இழுக்காது மேடம். அங்க என்ன கெமிக்கல் யூஸ் பண்றீங்க? தெரிஞ்சாதான் நான் அடுத்தது செய்ய முடியும்."

எனக்குத் தெரியாது. அதையே சொன்னேன்.

வெளியே பெஞ்சில் ரேவதி உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லாவுக்குப் பக்கத்து மேசை, வேனில் கூடவே வந்தவர். விரல் நுனியில் பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. "ரெண்டு நாளா வேற சொல்யூஷன் குடுக்குறாங்க மேடம்," என்றார். "நெடி ஜாஸ்தி. கண்ணுலாம் எரியுது. நெடிய இழுக்குற ஃபேன் வேற ஓடல. கேட்டா ஆவும் ஆவும்னாங்க."

"என்ன சொல்யூஷன்?"

"அது இன்னான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? கிண்ணத்துல ஊத்திக் குடுப்பாங்க, தடவுவோம்."

அதற்குள் சம்பத்தும் வந்து சேர்ந்தார். மனிதர் வியர்த்துப்போயிருந்தார். தாழ்வாரத்தின் கோடிக்கு என்னைக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், கேக்காதீங்க. வழக்கமா வர்ற சொல்யூஷன் லேட்டு. திங்கக்கெழம கன்டெய்னர் போயே ஆகணும். அதான் வேற எடத்துல எடுத்தோம். அது பயர் அப்ரூவ் பண்ண ஐட்டம் இல்ல. வெளிய தெரிஞ்சா ஆர்டர் மொத்தமும் போய்டும். எம்.டி. சொல்லாம நான் வாய தொறக்க மாட்டேன்."

பயர் என்றால் வெளிநாட்டில் எங்கள் ஷூவை வாங்குகிற கம்பெனி. எந்தப் பசை, எந்தச் சாயம் என்று ஒவ்வொன்றையும் அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் பயன்படுத்தலாம். மீறினால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். சம்பத்தின் பயம் வெறும் பயம் இல்லை. அந்த ஆர்டரை நம்பித்தான் அந்த வரிசையே ஓடியது.

எம்.டி.க்கு போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். உதவியாளரைக் கூப்பிட்டேன், "மீட்டிங் நடக்குது மேடம், உள்ள போகக் கூடாது" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லாவின் விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இங்கே என் நிலைமை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் கம்பெனியின் அதிகாரபூர்வமான வாய். எனக்கு ஒன்று தெரிந்தால் கம்பெனிக்குத் தெரிந்த மாதிரி. அதை நான் வெளியாள் ஒருவரிடம் சொன்னால் கம்பெனி சொன்ன மாதிரி. அப்படியானால் முதலில் பங்குச் சந்தை, அதற்கு முன்னால் போர்டு, அதற்கு முன்னால் வக்கீல். அந்த வரிசை முடியும்வரை ஸ்டெல்லா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"சம்பத், நான் கீழ போய் டீ குடிக்கிறேன்," என்றேன். "நீங்க டாக்டர்கிட்ட போய்ப் பேசுங்க. இது ஸ்டேட்மென்ட் இல்ல, லெட்டர் இல்ல. நான் கேக்கவும் போறதில்ல. உங்க வூட்டுக்காரம்மா உள்ள படுத்திருந்தா டாக்டர்கிட்ட இன்னா சொல்வீங்களோ அத சொல்லுங்க."

"அப்புறம் யாரு சொன்னதுன்னு விசாரிச்சா?"

"மேடம் டீ குடிக்கப் போனாங்கன்னு சொல்லுங்க. அதுவும் உண்மைதான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு உள்ளே போனார். நான் கீழே போய் டீ குடித்தேன். பாகு மாதிரி இனிப்பு, பாதியை ஊற்றிவிட்டேன். திரும்பி வந்தபோது டாக்டர் வேலூரில் இருக்கும் ஒரு நுரையீரல் நிபுணரோடு போனில் பேசிக்கொண்டே நர்ஸுக்கு ஏதோ எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவின் கட்டிலைச் சுற்றி வேறு மருந்து, வேறு மெஷின். சம்பத் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

"பொழைச்சுக்குவாங்களா?" என்று டாக்டரிடம் மட்டும் கேட்டேன்.

"சாயந்திரம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது," என்றார். "இது முன்னாடியே தெரிஞ்சிருக்கலாம்."

நம் தொழிலில் ஒரு நோய் இருக்கிறது. வாயிலிருந்து வருகிற எதையும் அறிக்கையாகவே நினைப்போம். ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டியதைக்கூட நாம் பத்தி பிரித்து, ஒப்புதல் வாங்கி, முத்திரை குத்தப் பார்ப்போம். சில சமயம் நாம் செய்யக்கூடிய உதவி அந்த இடத்தை விட்டு நகர்வதுதான்.

கூட்டம் முடிந்து எம்.டி. கூப்பிட்டார். கணக்கு வெளியாகிவிட்டது, நல்ல லாபம், குரலில் அந்தச் சந்தோஷம் இருந்தது. நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், "அவங்க சாப்பிடலன்னு சம்பத் மெசேஜ் போட்டிருக்கானே, அது உண்மையா இல்லையா?" என்றார்.

"உண்மைதான் சார். ஆனா காரணம் அது இல்ல."

"உண்மைதானே? அப்ப அத போடுங்க. இன்னைக்கு ஒரு நாள் போகட்டும், மத்தத திங்கக்கெழம பாத்துக்கலாம்." பிறகு, "அந்தம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். கேட்டார் என்பதையும் எழுத வேண்டும் அல்லவா? டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "எந்தச் செலவானாலும் கம்பெனி பாத்துக்கும்னு சொல்லிடுங்க," என்றார். "இப்ப நீங்க ஆலைக்குப் போங்க. செகண்ட் ஷிஃப்ட் பஸ் வந்துடும். ஹால் சுத்தம் பண்ணியாச்சு, பயப்பட ஒண்ணுமில்லன்னு ஒரு லேடி சொன்னா கேப்பாங்க. கன்டெய்னர் போகாட்டி நாம காலி."

ரேவதியும் என் காரிலேயே வந்தார். ஆலை வாசலில் மூன்று பஸ்கள் நின்றிருந்தன. பெண்கள் இறங்கிவிட்டார்கள், ஆனால் கேட்டைத் தாண்டவில்லை. விஷயம் எல்லோருடைய போனுக்கும் போயிருந்தது. தன் ஷிஃப்ட் முடிந்திருந்தும் ரேவதி போய் அவர்களோடு நின்றுகொண்டார்.

எங்களுக்கு முன்பே ஆலைக்குத் திரும்பியிருந்த சம்பத்தைத் தனியே கூப்பிட்டு, "உள்ள இப்ப எந்த சொல்யூஷன்?" என்று கேட்டேன்.

"அதேதான் மேடம். வேற ஏது? ஜன்னல்லாம் தொறந்து வுட்டிருக்கோம், ரெண்டு டேபிள் ஃபேன் போட்டிருக்கோம். பெரிய ஃபேன் நாளைக்குத்தான் ரெடியாகும்."

இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. டீ குடிக்கப் போக முடியாது.

என் கையில் சொல்ல வேண்டிய வாசகங்கள் இருந்தன. கூடம் சுத்தம் செய்யப்பட்டுவிட்டது. ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. மின்விசிறிகள் வைத்திருக்கிறோம். மயங்கியவர்கள் காலையில் சாப்பிடவில்லை. பாருங்கள், எல்லாமே உண்மை. இவற்றை வரிசையாகச் சொன்னால் அந்தப் பெண்கள் உள்ளே போய்விடுவார்கள், அதுவும் உறுதி. நான் ஆரம்பித்தேன். முதல் வாசகத்தைச் சொன்னேன், இரண்டாவதைச் சொன்னேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

ரேவதி குறுக்கே பேசினார். கோபமாக இல்லை.

"அப்ப நீங்களும் உள்ள வாங்க மேடம்."

யாரோ சிரித்தார்கள்.

"சும்மா சொல்லல மேடம். வேலலாம் செய்ய வேணாம். எங்க பக்கத்துல ஒரு சேர் போடுறோம். டீ டைம் வரைக்கும் உக்காந்து எங்க கூட பேசினு இருங்க. நீங்க வந்தா நாங்களும் வர்றோம்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சவால் விடுகிற முகங்கள் இல்லை அவை. கேட்டால் கிடைக்குமா என்று பார்க்கிற முகங்கள். அங்கேயே, அவர்களுக்கு முன்னாலேயே, எம்.டி.க்கு போன் போட்டேன்.

"சார், இவங்க உள்ள போக மாட்டேங்குறாங்க. நானும் கூட வந்து ஹால்ல உக்காந்தா வர்றோம்னு சொல்றாங்க. போய் உக்காரட்டுமா?"

"நீங்க எதுக்கும்மா?" என்றார் உடனே. யோசிக்கவே இல்லை. "நீங்க போகாதீங்க. உங்களுக்கு வீசிங் வேற இருக்கு. உள்ள போய்டாதீங்க."

நான் பதில் சொல்லவில்லை. நிருபர்கள் பேசாமல் இருந்தே நம்மைப் பேசவைத்துவிடுவார்கள், அந்த வலையில் விழாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அன்று அதை நான் எங்கள் எம்.டி.யிடம் செய்தேன். வேண்டுமென்றே செய்தேனா, வாய் வராமல் செய்தேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் சொன்னது எனக்குக் கேட்டதுபோலவே அவருக்கும் கேட்டிருக்கும். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. என்மேல் இருந்த நிஜமான அக்கறையில் சொல்லிவிட்டார் மனிதர். அதனால்தான் மறைக்கத் தோன்றவில்லை.

"பஸ்லாம் கெளம்பிடுச்சா?" என்று கேட்டார் கடைசியில்.

"இல்ல சார். வாசல்லதான் நிக்குது."

"திருப்பி அனுப்புங்க. ஹால பூட்டச் சொல்லுங்க." இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து, "அறிக்கைய எழுதி அனுப்புங்க. எதையும் கொறைக்காதீங்க" என்றார்.

நான் பெண்களிடம் திரும்பி, "உள்ள இருக்கிறது வழக்கமான சொல்யூஷன் இல்ல. அதனாலதான் ஸ்டெல்லாவுக்கு மூச்சு இழுக்குதுன்னு டாக்டர் நெனைக்கிறாங்க. வீட்டுக்குப் போங்க. யாருக்காவது கண் எரிச்சலோ இருமலோ இருந்தா ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றேன். அதற்கப்புறம்தான் செக்யூரிட்டி அறையில் உட்கார்ந்து பங்குச் சந்தைக்கு எழுதினேன். ஒப்புதல் பெறாத பசை பயன்படுத்தப்பட்டது, மூவர் மருத்துவமனையில், ஒருவர் நிலை கவலைக்கிடம், கூடம் மூடப்பட்டது, உற்பத்தி பாதிக்கப்படும். சின்ன அறிக்கை. நான் எழுதியவற்றிலேயே சீக்கிரம் முடித்தது அதுதான்.

பங்குச் சந்தைக்குச் சொல்லும் முன்னால் தொழிலாளிகளுக்குச் சொன்னது ஏன் என்று பிறகு வக்கீல் என்னைக் கேட்டார். அவர்கள் பங்கு வாங்க வரவில்லை சார், வேலைக்கு வந்தார்கள் என்றேன். அவருக்கு அந்தப் பதில் ரசிக்கவில்லை. உங்களுக்கும் அது எப்போதும் செல்லுபடியாகும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

அன்று சாயந்திரம் ஸ்டெல்லாவின் ஆக்சிஜன் இறங்குவது நின்றது. பிழைத்துக்கொண்டார்.

இத்தோடு எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் அவர் இந்த வேலை பார்த்தவர் இல்லை. பங்கு விழுந்தது. பயர் கம்பெனி ஆர்டரை நிறுத்தி வைத்து ஆய்வாளர்களை அனுப்பியது. அந்த சீசன் முழுக்க பேஸ்டிங் வரிசை ஓடவில்லை. ரேவதி மாதிரி பல பேர் வேறு ஆலைகளில் நாள் வேலை தேடிப் போனார்கள், கிடைத்தவர்கள் கொஞ்சம்தான். ஒருநாள் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ரேவதியைப் பார்த்தேன்.

"நீங்க செஞ்சது நல்லதுதான் மேடம். நான் இல்லேன்னு சொல்லல," என்றார். "ஆனா வூட்ல அடுப்பு எரியணுமே."

ஏதாவது சொல்லி ஒப்பேற்றுவது எனக்குக் கைவந்த கலை, அன்று அதற்கு மனசு வரவில்லை. அவருடைய பஸ் வரும்வரை கூட நின்றேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்டு, புது ஃபேன்கள் போட்டு, பழையபடி ஒழுங்கான பசை வந்து, கூடத்தைத் திறந்த நாளில் நான் காலையிலேயே ஆம்பூர் போனேன். எனக்கு முன்னால் எம்.டி. வந்திருந்தார். யாரிடமும் சொல்லாமல் காலை ரயிலில் வந்து, ஆட்டோ பிடித்து ஆலைக்கு வந்துவிட்டாராம். நேராக பேஸ்டிங் ஹாலுக்குள் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சம்பத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவசர அவசரமாக ஒரு போட்டோகிராபரை வரவழைத்திருந்தார். ஆண்டறிக்கையில் போடலாம் மேடம், நல்லா இருக்கும் என்றார். தொழில் முறையில் பார்த்தால் அவர் சொன்னது சரி. அந்த மாதிரி ஒரு படத்துக்காக நான் பல வருடம் காத்திருந்திருக்கிறேன். போட்டோகிராபருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். எம்.டி.யைப் பார்த்தார்கள், வணக்கம் வைத்தார்கள், வேலையை ஆரம்பித்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கோட் இல்லை, டை இல்லை, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் முழங்காலில் வைத்திருந்தார்.

கடைசியாக ஸ்டெல்லா வந்தார். மெலிந்திருந்தார். குரல் கட்டிப்போய் கரகரவென்றிருந்தது. அது அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேராக எம்.டி.யின் முன்னால் போய் நின்றார்.

"சார், அது என் எடம்."

எம்.டி. சட்டென்று எழுந்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. "சாரிம்மா," என்றார். "தெரியாம உக்காந்துட்டேன். நான் எங்க உக்காரட்டும்?"

ஸ்டெல்லா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவசரப்படவில்லை. பிறகு சுவர் மூலையில் இருந்த கடைசி மேசையைக் காட்டினார்.

"அங்க உக்காருங்க சார். ஃபேன் காத்து அங்க வராது. நெடி ஜாஸ்தி அங்கதான்."

எம்.டி. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தார்.